கப்பலில் வந்த காற்றுத் தொட்டி

எழுபதுகளின் தொடக்கத்தில் என் கொழுந்தன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது, ஐந்து வயதான என் மூத்த மகளுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வந்தார். மடித்தால் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். வாயால் ஊதினால் மூன்று நீல வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி, நாலு குழந்தைகள் உட்கார்ந்து தண்ணீரில் விளையாடும் அளவுக்கு விரியும். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. காற்றுத் தொட்டி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

"அடுத்த தடவை வரும்போது நானும் பாப்பாவோட இதுல உக்காரணும் மதினி. பத்திரமா வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் கப்பலுக்குத் திரும்பினார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குப் பெரிய பாரமாகிவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். கடல் தாண்டி வந்த பொருளை இவள் பாழாக்கிவிட்டாள் என்று புகுந்த வீட்டில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயம். விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு வாழைக்கு ஊற்றுவேன். பழைய வேட்டித் துணியால் துடைத்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்துவேன். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப் பவுடரைத் தூவி மடித்து, எலிக்கு எட்டாமல் டிரங்குப் பெட்டியில் வைப்பேன்.

மாடியில் இருந்த வீட்டுக்கார மாமிக்கு அந்தத் தொட்டியே பிடிக்கவில்லை.

"ஏண்டிம்மா, கெணத்துல தண்ணி எறங்கிண்டே போறது. நீ என்னடான்னா பன்னண்டு வாளி எறைச்சு வெளையாட விடறியே!"

அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறை, ஆறே வாளி என்று குறைத்தேன்.

மே மாதம் கொழுந்தனிடமிருந்து கடிதம் வந்தது. பத்து நாளில் வருகிறாராம். உடனே தொட்டியை எடுத்து ஊதித் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். அரை மணியில் கீழே தரை நனைந்திருந்தது. கொட்டிவிட்டு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், அடிப்பக்கத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

ஒரு வயது தாண்டாத சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரிக்ஷாவில் ராயப்பேட்டைக்குப் போனேன். சைக்கிள் கடைக்காரர் தொட்டியைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, படகா?"

"குழந்தைங்க விளையாடுற தொட்டிங்க. பஞ்சர் ஒட்டித் தர முடியுமா?"

"டியூபுன்னா ஒட்டிக் குட்த்துருவேன். இது பிளாஸ்டிக்கு. சொல்யூசன் புடிக்காது. காஞ்சிக்கினு கீற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும், தண்ணி ஊத்துனா புட்டுக்கும். அடுத்த தெருவுல மழைக்கோட்டு தைக்கிற பாய் கீறாரு, அவராண்ட போ."

மழைக்கோட்டு தைக்கும் அந்தப் பெரியவர் பழைய கோட்டிலிருந்து ஒரு வட்டம் வெட்டி, நெடி அடிக்கும் ஏதோ பசையைத் தடவி ஒட்டி, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார்.

"ரெண்டு நாள் தொடாதீங்கம்மா. அப்புறம் தண்ணி நிரப்பி, ஒரு பகல் பூரா வச்சுப் பாருங்க. எறங்குச்சுன்னா எடுத்துட்டு வாங்க."

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை காலை பின்கட்டில் தொட்டியை நிரப்பினேன். தண்ணீர் நின்ற மட்டத்தில் கண்மையால் ஒரு கோடு போட்டேன். கால் மணிக்கு ஒருமுறை வந்து பார்த்தேன். பதினோரு மணிக்குத் தண்ணீர் கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது. வெயில் குடித்ததா, ஒட்டு விட்டுவிட்டதா? தொட்டிக்கு அடியில் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தேன். சின்னவள் அடுக்களை வாசலில் கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை வர, உள்ளே ஓடி ஸ்டவ் திரியை இறக்கினேன். பருப்பைக் கிளறினேன். கரண்டிச் சத்தம் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை.

"ஏய்! கொழந்தை! கொழந்தைடீ!"

மாமி மாடியிலிருந்து போட்ட கூச்சல் அது. நான் வெளியே வந்தபோது தொட்டி விளிம்பில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. தலை தண்ணீருக்குள் இருந்தது. கவுனைப் பிடித்து இழுத்தேன். அவளிடம் சத்தமே இல்லை. உதடு நிறம் மாறியிருந்தது. மாமி படியிறங்கி வந்து, என் கையிலிருந்து பிடுங்கி, தன் முழங்கையில் குப்புறப் போட்டு முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. குழந்தை இருமினாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. பிறகு வீறிட்டாள்.

தெருமுனையிலிருந்த டாக்டரிடம் ஓடினோம். மாமியும் செருப்பில்லாமல் கூடவே வந்தாள். அவர் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சு சுத்தமா இருக்கு. இன்னிக்குப் பூரா பக்கத்துலயே இருங்க" என்றார்.

என் கணவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அவர் சட்டையைக் கழற்றும்போது காப்பி கலக்க அடுக்களைக்குப் போய்விடுவேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற மூத்தவளிடம், "அப்பாட்ட சொல்லாதே" என்றேன். அதைச் சொன்னதற்காகவும் உள்ளுக்குள் குன்றினேன். சின்னவள் தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன்.

கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். மதியம் அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். "தொட்டியை எடு பாப்பா, சாயந்திரம் எறங்குவோம்" என்றார் கொழுந்தன்.

"வேண்டாம் சித்தப்பா. தங்கச்சி அதுல விழுந்துட்டா. தலை உள்ள போயிருச்சு. அப்பாட்ட சொல்லக் கூடாது" என்றாள் மூத்தவள்.

என் கணவரின் கை இலையிலேயே நின்றது. "எப்போ?"

"வியாழக்கிழமை" என்றேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் கை கழுவிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். துணி உலர்த்த வந்திருந்த மாமியிடம் அதே கேள்வியைக் கேட்டது என் காதில் விழுந்தது.

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன். ஆபீஸ் போற மனுஷனைக் கலவரப்படுத்தாதேடின்னு நான்தான் அவ வாயைக் கட்டினேன். கோவிச்சுக்கறதுன்னா என்னைக் கோவிச்சுக்கோங்கோ" என்றாள் மாமி.

அவள் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. நான் பாத்திரத்தோடு நின்றிருந்தேன். ஓடிப்போய், அது பொய் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை.

கொழுந்தன் தொட்டியை மறுபடி வெளியே எடுக்கச் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது அவரே டிரங்குப் பெட்டியைத் திறந்து அதை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "நான் வாங்கியே வந்திருக்கக் கூடாது மதினி" என்றார். தப்பு அவருடையதில்லை என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வெளியே எங்கும் போகவில்லை. தூங்கிக்கொண்டிருந்த சின்னவளின் பக்கத்தில் படுத்து, அவள் முதுகில் காதை வைத்தபடியே இருந்தார். நான் போய் நின்றதும் நிமிராமலே, "மூச்சு சீராத்தான் இருக்கு" என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு அன்று அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.