எனக்கு இடம் கொடுத்தவன்

எங்கள் தெருவில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவரைச் சென்ற ஆண்டு ஒருவன் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றான். பால்கனியிலிருந்து பார்த்த ஒரே சாட்சி நான். போன வாரம் அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது.

இன்று மயிலாப்பூர் குளத்தருகே அடையாறு போகும் பேருந்தில் ஏறினேன். கம்பியைப் பிடித்துத் தடுமாறியபோது ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான்.

அவனேதான்.

"குந்து பெருசு. எம்மா நேரம் நின்னுக்கினு வருவ?"

உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்னும் விளங்கவில்லை.

முன் இருக்கை அம்மாள் திரும்பிப் பார்த்து, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" என்று நெகிழ்ந்து போனார்.

அவன் சிரித்துவிட்டு என் காதருகே குனிந்தான். "வூட்ல அம்மா தனியாவா கீறாங்க? தாப்பா போட்டுக்கச் சொல்லு. காலம் கெட்டுக் கீது."

தீர்ப்பு வருமுன் ஒருவனை அடைத்து வைப்பது அநியாயம் என்கிறார்கள். சரியாகவும் இருக்கலாம், எனக்கு எதிலும் உறுதி கிடையாது. ஆனால் கொலை வழக்கில் சிக்கியவன் பேருந்தில் காற்று வாங்கிக்கொண்டு போகிறான். என் மனைவி பகலிலும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறாள். அவளுக்கு யார் ஜாமீன் கொடுப்பது?

சாட்சியை மிரட்டக் கூடாது என்று அவனுக்கு நிபந்தனை விதித்திருக்கிறார்களாம். முதியவருக்கு இடம் கொடுத்து, வீட்டாரை நலம் விசாரித்தால் அது மிரட்டலில் சேருமா? சட்டம் தெரிந்த நண்பர்கள் சொல்லுங்கள்.

சாட்சி சொல்லக் கட்டாயம் போவேன். ஆட்டோவில்.