சப்பாத்து போட்ட எழுத்து

அச்சுத்தாள் வெளியே வந்ததும், அச்சகத்தில் எழுத்து வடிவமைக்கும் ஜீவராணி அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வீதியைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறாள். அங்கே நின்று தலையைச் சாய்த்து வாசிக்கிறாள். பதுளை பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டுவது எதுவும் அவள் காதில் ஏறுவதில்லை. ஒரு நாளைக்கு இப்படி இருபது தடவை. அச்சகத்து நாற்காலி அவளுக்குப் பை வைக்க மட்டும்தான்.

கணினியில் நானூறு எழுத்துரு கிடந்தாலும் அவள் கை போவது ஒன்றிடம்தான். மெலிந்த ஆங்கில எழுத்து. நடக்கக் கிளம்பியது போல வலப்பக்கம் சற்றே சாய்ந்தது. ஒவ்வொரு காலின் அடியிலும் சின்னச் சதுரக் கட்டை. விடுதிகளின் மெனு, தேயிலைப் பொட்டலம், கல்யாணக் கார்டில் மாப்பிள்ளை பொண்ணு பெயர் எல்லாம் அதில்தான். மரண அறிவித்தலுக்கு மட்டும் தொடமாட்டாள். “போனவங்க போயிட்டாங்க. அவங்கள இன்னும் எதுக்கு நடக்க விடணும்?” என்பாள்.

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்துநான்கு குடும்பங்கள், வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தை விட்டுத் தனி வீடுகளுக்குப் போனபோது, கதவு இலக்கத் தகடுகள் அவளிடம் வந்தன. அதில் ஒரு வீடு அவள் அம்மா ராசம்மாவுடையது. லயத்தில் இருந்தவரை வீட்டுக்கென்று விலாசம் கிடையாது. கடிதங்கள் தோட்ட ஆபீசில் கிடக்கும். ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் ஜீவராணியின் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து ஒன்பது நாள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்? தபால்காரர் பாதையில் நின்றபடியே இலக்கத்தையும் பெயரையும் வாசிக்க வேண்டும் என்பதுதான் அவள் குறி.

மாதிரியைப் பார்த்த குடியிருப்புத் தலைவர் பொன்னையா முகம் சுளித்தார். “என்னம்மா, எழுத்து ஓடப்போற மாதிரி நிக்குது. நாங்க ஓடுறதுக்கா வீடு கட்டுனோம்?”

“ஓடல மாமா, நடக்குது. கீழ பாருங்க, சப்பாத்து போட்டிருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். தகடுகளும் அப்படியே அச்சாகிவிட்டன.

பதுளை வெயிலில் வீதியின் மறுபக்கத்திலிருந்தும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. நமுனுகுலவின் பனிமூட்டம் அங்கேயே பிறந்தவளுக்கு எப்படித்தான் மறந்ததோ! தகடுகளை அறைந்த அன்று, பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் அது வந்து இறங்கியது. பாதையிலிருந்து பார்த்தாள். இருபத்துநான்கு கதவிலும் வெறும் வெள்ளைத் தகடு. மெல்லிய எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

பொன்னையா படியேறிப் போய், ஒரு தகட்டருகே குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அதுதான் இன்னும் சுட்டது. ராசம்மா மகளைத் தேற்றினாள்.

“அழகாத்தான் இருக்கு புள்ள. கிட்ட வந்தா தெரியுதே.”

“தபால்காரங்க கிட்ட வரமாட்டாங்கம்மா.”

ஜீவராணி பையைத் துழாவி அழியாத கறுப்பு மார்க்கரை எடுத்தாள். ராசம்மா சேலைத் தலைப்பால் தகட்டின் ஈரத்தைத் துடைத்துவிட, சொந்தக் கதவிலிருந்தே தொடங்கினாள். முதலில் இலக்கம் பதினேழு. பிறகு அம்மாவின் பெயர். மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றின் மேலும் தடித்த கோடு இழுத்தாள். அவளுக்குப் பிடித்த சின்னச் சப்பாத்துகள் மைக்குள் மூழ்கின. பிறகு மார்க்கர் மூடியைப் பல்லில் கடித்தபடி, தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னோக்கி நடந்து படியிறங்கிப் பாதைக்குப் போனாள். மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, மூட்டத்துக்குள் நின்று, அம்மாவின் பெயரை வாய்விட்டு வாசித்தாள்.