எழிலரசனின் லாகின்

வெளியாள் வந்து பார்க்காதவரை தேவசேனாவின் கம்பெனியில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், வாஷிங் மெஷினுக்கு மோட்டார் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நூற்றுப் பத்து கேள்விகள் அனுப்புவார்கள். கம்ப்யூட்டர்கள் பத்திரமா, பாஸ்வேர்டு மாற்றுகிறீர்களா, வேலையை விட்டுப் போனவர்களின் லாகினை அன்றைக்கே மூடுகிறீர்களா என்று. பதிலை நாமே எழுதி நாமே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிற பிள்ளை எத்தனை மார்க் போட்டுக்கொள்ளும்? ஐ.டி. பிரிவில் அந்தப் படிவத்தை நிரப்புகிறவள் தேவசேனா. மேனேஜர் ஹரிபாபு அவள் மேஜையைக் கடந்து போகிற போக்கிலேயே, "அன்னீ எஸ் பெட்டேய்ம்மா," என்று தெலுங்கில் சொல்லிவிடுவார். அவளும் எல்லாவற்றுக்கும் எஸ் போடுவாள்.

அதில் ஒரு எஸ் சுத்தப் பொய். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எழிலரசன் அவள் புருஷன். அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தான். நகரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் வருவார்கள். இறங்கியதும் அவன் ஸ்டோர்ஸுக்கு, அவள் மாடிக்கு. அப்புறம் சாயங்காலம் வரை கம்ப்யூட்டரில் அரட்டைதான். "இன்னாமே, துன்னியா?" என்று மத்தியானம் தவறாமல் கேட்பான். அவன் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் போய்விட்டான். முப்பத்திநாலு வயசு. சாகிற வயசா அது?

காரியம் முடிந்து வேலைக்கு வந்தவளுக்கு, அவன் லாகினை மூடச் சொல்லி ஒரு மெயில் காத்திருந்தது. மூடுவது அவள் வேலைதானே. நாளைக்கு என்று தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். பிறகு ஒரு காலை, அவன் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனாள். பச்சை எரிந்தது. வேறு யார் கண்ணிலும் படாதபடி அவன் பேரை மறைத்து வைத்தாள். அந்த வித்தை அவளுக்கு அத்துப்படி. அன்றிலிருந்து தினமும் அவனை வேலைக்கு வரவழைத்துவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்கினாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகுதான் அவளால் காபி குடிக்கவே முடிந்தது.

இந்த வருஷம் வாங்குகிறவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள். உங்கள் கையெழுத்து இனிச் செல்லாது, வெளியிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்து பார்த்துச் சான்று தரவேண்டும், இல்லையென்றால் ஆர்டர் கிடையாது. மூன்று வாரம் அவகாசம் இருந்தது. தேவசேனா மற்ற எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தாள். எழிலரசனின் லாகினை மட்டும் தொடவில்லை. வேலையை விட்டுப் போனவர்கள் நாற்பது பேர், அதில் பத்துப் பேரைத்தானே பார்ப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆடிட்டராக வந்தவள் வஸுமதி, திருப்பதிக்காரி. அதிர்ந்து பேசாதவள். பட்டியலில் அங்கங்கே விரல் வைத்துப் பத்துப் பேரைக் குறித்துக்கொண்டாள். ஏழாவது பேர் எழிலரசன்.

"இவர் ரெண்டு வருஷம் முன்னாடியே இல்லேன்னு போட்டிருக்கு. கடைசியா உள்ளே வந்தது இன்னிக்குக் காலம்பற எட்டு பதினாறுன்னு காட்டறதே?"

ஹரிபாபு அவசரமாகக் குறுக்கிட்டார். "அதி மெஷின் தப்பு மேடம். பழைய டேட்டா. தேவசேனா, செப்பம்மா."

தலையாட்டினால் போதும், வேலை தப்பும். ஆனால் இரண்டு வருஷத்துக் காலைகளை மெஷின் தலையில் கட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"மெஷின் இல்ல சார். நான்தான் தெனம் தொறந்துக்கினு இருந்தேன். அவரு எங்க வூட்டுக்காரு."

ஹரிபாபு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வஸுமதி பேனாவைக் கீழே வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. பார்த்ததை எழுதாம என்னால இருக்க முடியாது. இப்பவே மூடினா, மூடியாச்சுன்னும் சேர்த்து எழுதறேன். வேற யாரையாவது செய்யச் சொல்லட்டுமா?"

"வேணா மேடம். நானே செய்றேன்."

காரணம் என்ன என்று திரை கேட்டது. ராஜினாமா, ஒப்பந்தம் முடிவு, பணி நீக்கம், மரணம். நாலில் ஒன்றைத் தொடவேண்டும். அவள் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கடைசியில் இருந்ததைத் தொட்டாள்.

"நேரம் தெரியற மாதிரி ஒரு படம் எடுத்துக்கறேன்," என்றாள் வஸுமதி. அத்தாட்சிக்கு அது வேண்டுமாம். பதினொன்று நாற்பத்திரண்டு.

ஆஸ்பத்திரியில் அவன் உயிர் போனபோது தேவசேனா கீழே மருந்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மேலே ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அது எத்தனை மணிக்கு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்தத் தடவை பக்கத்திலேயே இருந்தாள்.