கவிழ்ந்த ரயில்

முப்பது வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற என் கணவர் குராமிட்சு, சோறு தின்னும்போதும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எரிச்சல் தாங்காமல் ஒரு குட்டி ரயில் வாங்கி வந்தேன்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார். ஆனாலும் பாய்த்தரையில் தண்டவாளத்தைப் பூட்டினார். வேலையில் செய்ததுபோலவே விரல் நீட்டி, "சிக்னல் பச்சை!" என்று கூவி ஓட்டினார். முதல் வளைவிலேயே ரயில் கவிழ்ந்தது. மனிதர் முகம் வெளிறிவிட்டது. எழுந்து நின்று, பயணிகளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இடுப்பு வளைய என்னிடம் குனிந்தார்.

"தாமதத்துக்கு மன்னிக்கணும்."

"இங்க யாருக்குங்க அவசரம்? உக்காந்து டீயைக் குடிங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரயிலை அப்படியே கிடக்கவிட்டு டீ குடித்தார்.

இப்போது அலமாரி நிறைய ரயில்கள். சுவர்க் கடிகாரம் நின்றுபோனதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.