எழுந்திருக்கத்தான் நாற்காலி

சோபா செய்து விற்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: சண்டை போட வருகிறவர்களை உட்கார வைத்துவிடலாம். உட்கார்ந்த மனிதருக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். மெத்தை நன்றாக அமுங்கினால் இன்னும் இறங்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்று, வேறு யாரோ செய்த காரியத்துக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிற உங்களில் பலருக்கு இந்த வசதி வாய்த்திருக்காது. நான் பட்ட பாட்டைக் கேட்டாவது ஆறுதல் அடையுங்கள்.

போர்டுக்குக் கீழே

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் கடை. முன்னால் ஷோரூம், பின்னால் பட்டறை. கேட்ட அளவில், கேட்ட துணியில் சோபா, நாற்காலி, திவான் எல்லாம் செய்து கொடுப்போம். நான் நிற்கிற இடத்தில் தலைக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் இருக்கும் அதன் சாரம் இவ்வளவுதான்: ஆர்டர் கொடுத்துச் செய்த பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.

முதலாளி சம்பத் சாருக்கு ஆஸ்டின் டவுன். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திருப்பி, இங்கிலீஷில் நிறுத்துவார். பி.காம். முடித்துவிட்டுத் திருப்பத்தூரிலிருந்து வந்து நின்ற என்னிடம் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எதையாவது பேசு பார்க்கலாம்" என்றார். பேசினேன். "இன்னும் சத்தமா" என்றார். அதற்கு மேல் எனக்குச் சத்தம் வராது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

இன்னொரு தகுதியும் என்னிடம் இருந்தது. சின்ன வயதில் தாத்தா கதை சொல்லும்போது நாங்கள் உம் கொட்டாவிட்டால், ராஜகுமாரனை நடுக்காட்டில் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார். அந்தப் பயத்தில், எதிரே யார் எதைச் சொன்னாலும் 'ம்' சொல்லிக்கொண்டே கேட்பது எனக்குப் பழகிப்போய்விட்டது. அதைக் கண்டுபிடித்த அன்றே சம்பத் சார் எனக்கு வேலையின் மொத்த விவரத்தையும் சொல்லிக் கொடுத்தார்: "யாராவது கத்திட்டு வந்தா உட்கார வை கார்த்தி. 'ம்' சொல்லிட்டே இரு. மூச்சு வாங்க நிறுத்துவாங்க பாரு, அப்ப போர்டைக் காட்டு. அஷ்டே, முடிஞ்சது!"

கூடுதலாக ஒரு கை

பட்டறைக்கு நஸீர் பாய் தலைவர். தையலில் ஒரு நூல் கோணாது. அவரிடம் ஒரே ஒரு சிக்கல், இரக்க குணம். ஆர்டரில் ஏதாவது விசித்திரமாக இருந்தால், யாரோ பாவம் தெரியாமல் சொல்லிவிட்டார்கள் என்று முடிவு செய்து, ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் அவரே திருத்திவிடுவார்.

ஐ.டி.யில் வேலை செய்யும் சேலத்துப் பையன் பிரவீன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ப்ரோ, ஸேம் டு ஸேம்" என்று சொல்லிவிட்டுப் போனான். படத்தில் இருந்த சோபாவுக்கு இடது பக்கம் கை இருந்தது, வலது பக்கம் இல்லை. நஸீர் பாய் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்திருக்கிறார். ஊனமான பொருளைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? மரம், பஞ்சு, துணி எல்லாம் தாராளமாகப் போட்டு இன்னொரு கையை வைத்துவிட்டார். டெலிவரி ஆன சாயங்காலமே பிரவீன் வந்தான். உட்கார வைத்தேன். 'ம்' சொன்னேன். அவன் மூச்சு வாங்க நிறுத்தவே இல்லை, ஏனென்றால் அவன் கத்தவே இல்லை. சோகமாகத்தான் பேசினான். அவனுடைய நாய் ப்ரூனோவுக்கு வயதாகிவிட்டதாம். அந்தத் திறந்த பக்கமாகத்தான் அதால் ஏற முடியுமாம். அதற்காகத்தான் படத்தைத் தேடிப் பிடித்தானாம். மறுநாள் பாய் போய், வைத்த கையை அவரே அறுத்து எடுத்துவிட்டு வந்தார். பிரவீன் அந்தச் சாயங்காலம் கிளம்பும்போது சொன்னது எனக்கு மறக்கவில்லை: "அண்ணாகிட்ட சொல்லுங்க ப்ரோ, கை சூப்பரா இருக்கு. ஆனா ப்ரூனோ லிஃப்ட்லயா ஏறுவான்?"

டிசைன்

ரெஜினா டீச்சர் பக்கத்துத் தெரு. ரிட்டயராகி வருஷங்கள் ஆகியும் காய்கறிக்காரரிலிருந்து ஃபாதர் வரை எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். ஒரு காலையில் குடையோடு வந்து நேராக விஷயத்துக்கு வந்தார். கணவர் ஆரோக்கியராஜுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகப் போகிறது. மனிதர் ஆறடி உயரம். தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. முட்டியைக் கண்டபடி மடக்கவும் கூடாது. பிசியோதெரபிஸ்ட் அவர் காலை அளந்து உயரம் சொல்லியிருக்கிறார். வீட்டில் டீச்சரைத் தவிர வேறு ஆள் இல்லை. பையன் துபாயில்.

"உட்காருற இடம் தரையிலேர்ந்து இருபத்தோரு இஞ்ச் இருக்கணும் தம்பி" என்றார்.

"ம்."

"இருபத்தொண்ணு. மெத்தை கெட்டியா இருக்கணும், அமுங்கக் கூடாது. கை ரெண்டும் ஊணி எழற மாதிரி உறுதியா இருக்கணும். எங்கே, திருப்பிச் சொல்லு."

சொன்னேன். வகுப்பில் நிற்பது போலவே இருந்தது. பாதி முன்பணமும் கட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார், அதற்குள் நாற்காலி வந்தாக வேண்டும் என்றார். அளவையெல்லாம் பாயிடம் சொல்லி, பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதியும் வைத்தேன். நடுவில் சம்பத் சார் வந்து, துணியில் பூப்போட்டது வேண்டுமா, கோடு போட்டது வேண்டுமா, எந்த டிசைன் என்று கேட்டார். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அவர் தானா எழுந்திருக்கணும் மிஸ்டர் சம்பத். அதான் டிசைன்."

மாம்பழ மஞ்சள்

எங்கள் போர்டு எப்போதும் அநியாயம் செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆனேக்கல்லிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். புது வீடு. மாதிரித் துணிக்கட்டில் மாம்பழ மஞ்சளைத் தொட்டு, அந்தம்மாவே "இதான், இதேதான்" என்றார். அதையே போட்டோம். நஸீர் பாய்க்கும் மஞ்சள் பிடிக்கும் என்பதால் திருத்தம் ஒன்றும் நடக்கவில்லை. சோபா போன மூன்றாம் நாள் இரண்டு பேரும் வாடிப்போய் வந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "என்னப்பா, ஸ்கூல் பஸ்ஸை ஹாலுக்குள்ள நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாராம். அதிலிருந்து அவர்கள் கண்ணுக்கு அது பஸ்ஸாகவே தெரிகிறதாம்.

நான் போர்டைக் காட்டினேன். காட்டும்போது எனக்கு உறுத்தவே இல்லை. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறோம், மாறியது மனசுதான். கணவர் துணிக்கட்டை வாங்கி, சாம்பல் நிறத்தில் உறை தைக்கச் சொன்னார். அந்தம்மா அந்த மஞ்சளைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க மேல தப்பில்ல தம்பி. அந்த ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டது எங்க தப்பு."

பாயின் கருணை

வியாழக்கிழமை மத்தியானம் நாற்காலி டீச்சர் வீட்டுக்குப் போனது. அரை மணியில் போன் வந்தது. டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தம்பி, ஸ்கேல் வெச்சு அளந்தேன். பதினெட்டு இஞ்ச். உட்கார்ந்தா இன்னும் உள்ளே போகுது. நாளைக்குக் காலையில வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பட்டறைக்கு ஓடினேன். சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது: இருபத்தொன்று, கெட்டி மெத்தை. நஸீர் பாய் அதன் கீழேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. இத்தனை வருஷத்தில் உட்காரும் உயரம் பதினெட்டைத் தாண்டி அவர் செய்ததே இல்லையாம். நான் சின்னப் பையன், ஏதோ தப்பாக எழுதிவிட்டேன், முதலாளியிடம் திட்டு வாங்கப் போகிறேனே என்று என்னைக் காப்பாற்றியிருக்கிறார். மெத்தையையும் அவராகவே இன்னொரு அடுக்கு சாஃப்டாகப் போட்டிருக்கிறார். "நோயாளி உட்காருற நாற்காலி பேட்டா. கல்லு மாதிரி மெத்தை போட்டா அல்லா என்னைச் சும்மா விடுவாரா?"

உட்காருங்க சார்

வெள்ளிக்கிழமை காலை ஒரு லக்கேஜ் ஆட்டோ வந்து நின்றது. நாற்காலி இறங்கியது. பின்னாலேயே குடை. நான் வழக்கம்போல், "உட்காருங்க டீச்சர்" என்றேன். "நான் உட்காரல" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே உபாயம் அத்தோடு முடிந்தது.

சம்பத் சார் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, சிரித்துக்கொண்டே போர்டைக் காட்டினார். "ஆர்டர் ஐட்டம் டீச்சர், ரூல்ஸ், ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"நான் பண்ணிக்குவேன். அவர் முட்டி பண்ணிக்காது" என்றார் டீச்சர். "நீங்க கொஞ்சம் இதுல உட்காருங்க."

கடையில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மறுத்தால் சொந்த நாற்காலியில் உட்காரப் பயப்படுகிறார் என்று ஆகிவிடும். சம்பத் சார் உட்கார்ந்தார். நல்ல கனமான உடம்பு. பாயின் கருணை முழுவதும் அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. "வலது காலை நீட்டிக்கோங்க. அது ஆபரேஷன் ஆன கால், மடக்கக் கூடாது. கையை ஊணிக்கலாம். இப்ப எழுந்திரிங்க."

சார் ஒருமுறை முன்னால் வந்தார், பின்னால் போனார். மறுபடி வந்தார், மறுபடி போனார். சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்தது. வாடிக்கையாளரில் ஒருவர் துணிக்கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். சார் என் பக்கம் கையை நீட்டினார். "கை கொடுடா கார்த்தி."

"கொடுக்காதே தம்பி" என்றார் டீச்சர். "நாளைக்கு எங்க வீட்டுல நீ இருக்க மாட்டே. நான்தான் இருப்பேன். என்னால அவரைத் தூக்க முடியாது. விழுந்தார்னா திரும்ப ஆஸ்பத்திரிதான்." டீச்சர் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "போர்டு நீங்க மாட்டினது. மாட்டினதால சட்டம் ஆயிடாது. நான் சொன்னபடி செஞ்சிருந்தா திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இல்ல. கேட்டது ஒண்ணு, கொடுத்தது வேறன்னா சரி பண்ணித் தரணும், இல்ல பணத்தைத் தரணும். ரெண்டும் முடியாதுன்னா சொல்லுங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுல புகார் கொடுத்துக்கறேன்."

சார் கீழேயிருந்தபடியே தலையைத் தூக்கி அந்தப் போர்டைப் பார்த்தார். அங்கிருந்து அது எப்படித் தெரியும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். குரல் இறங்கிவிட்டது. "நீங்க பதினெட்டுன்னுதான் சொல்லியிருப்பீங்க..."

"இந்தத் தம்பிகிட்ட இருபத்தொண்ணுன்னு சொன்னேன். கேட்டுப் பாருங்க."

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வேலை, என் பி.ஜி. விடுதி அறை, ஊருக்குப் போகும் பஸ் எல்லாம் தெரிந்தன. டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. காலி நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டா, இருபத்தொண்ணுன்னா சொன்னாங்க?"

"ம்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. பட்டறையில் சுத்தியல் நின்றுவிட்டது. சம்பத் சார் நீண்ட மூச்சு விட்டார்: "ஆயித்து டீச்சர். நாளைக்குள்ள சரி பண்ணித் தர்றேன். முதல்ல ரெண்டு பேருமா சேர்ந்து என்னைத் தூக்குங்க."

சனிக்கிழமை

நஸீர் பாய் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. நாலு புதுக் கால்கள், கெட்டி மெத்தை. ஒவ்வொரு தடவையும் அவரே ஸ்கேல் வைத்துப் பார்த்து, நம்பாமல் என்னையும் பார்க்கச் சொன்னார். கடைசியில் தானே அதில் உட்கார்ந்தார். குள்ளமான மனிதர், எதிர்பார்த்தபடியே கால் தொங்கியது. ஆனால் எழுந்தபோது கையை ஊன்றவே இல்லை. திரும்பி நாற்காலியை ஒருமுறை பார்த்தார். தோற்ற மாதிரியும் இல்லை, ஜெயித்த மாதிரியும் இல்லை.

சனிக்கிழமை நானும் பாயும் கொண்டுபோய் ஜன்னலோரம் போட்டோம். கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியராஜ் சார் வாக்கரோடு வந்தார். முகம் வெளிறியிருந்தது. உட்கார்ந்தார். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எங்கே தன்னையறியாமல் தாங்கிவிடுவோமோ என்று இருந்திருக்கும். ஆரோக்கியராஜ் சார் கைகளை ஊன்றினார், காலை நீட்டினார், மெதுவாக, தானாக, ஆறடிக்கும் எழுந்து நின்றார். பாய் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். டீச்சர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி, கலையாத திரையைச் சரி செய்தார். ஆரோக்கியராஜ் சார் எங்களையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்: "என்ன டீச்சர் இது? இனிமே 'என்னால எழுந்திருக்க முடியல, தண்ணி கொண்டா'ன்னு உன்னைக் கூப்பிடவே முடியாது போலிருக்கே!"

எங்கள் போர்டு இன்னும் அதே இடத்தில்தான் தொங்குகிறது, வாக்கியத்துக்கு முன்னால் 'சொன்னபடி செய்திருந்தால்' என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருப்பதைத் தவிர வேறு மாற்றமில்லை. நான் மட்டும், யாராவது அளவு சொன்னால், 'ம்' சொல்வதற்கு முன்னால், அது நஸீர் பாய் காதிலும் விழுந்ததா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.