டிராமில் பிடிபட்ட பொய்

மெல்போர்னுக்குப் படிக்க வந்ததிலிருந்து அம்மாவிடம் தினமும் ஒரே பொய்தான்.

இன்று காலை பதினோரு மணி வாக்கில் டிராமில் போகும்போதும் போனில் அதையே சொன்னேன். "நல்லா இருக்கேம்மா. இட்லி தின்னுட்டுதான் கெளம்புனேன். கூட்டாளிங்களுக்கும் கொறையில்ல."

உண்மையில் வெறும் வயிறு. பேச ஓர் ஆள் கிடையாது.

அம்மா லைனில் இருக்கும்போதே, பக்கத்து இருக்கையில் நர்ஸ் உடையில் இருந்த அக்கா திரும்பினார்.

"ஏலே, பசியில கண்ணு உள்ள போய்க் கெடக்கு. இட்லி தின்னேங்குதியே?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் இருந்தது. அழுகை வந்துவிட்டது.

அக்கா எங்கள் பக்கத்து ஆழ்வார்குறிச்சிக்காரராம். என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"யக்கா, கவலப்படாதிய. ஞாயித்துக்கெழம எங்க வீட்டுலதான் இவனுக்குச் சோறு."

சாயங்காலத்துக்குள் அம்மாவும் அக்காவும் வாட்ஸ்அப்பில் நெருங்கிவிட்டார்கள். இனி என்னால் ஒரு பொய்கூடச் சொல்ல முடியாது.

கடல் தாண்டியும் இப்படி மாட்டிக்கொண்டது நான் மட்டும்தானா, சொல்லுங்கள்.