வெயிலிலும் அவிழ்க்காத மப்ளர்

அக்காவின் தவிட்டு நிற மப்ளர் இப்போது என் கழுத்தில் கிடக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குளிருக்குக் காதை மூடாதவர் கிடையாது. அக்கா மட்டும் சித்திரை வெயிலிலும் அதை அவிழ்க்க மாட்டாள். காது மந்தமானதை மறைக்க அவளுக்கு அது வசதியாக இருந்தது. கூப்பிட்டும் திரும்பவில்லையே என்று யாராவது கேட்டால், "மப்ளரு கட்டியிருக்கேன்ல, எப்பிடி கேக்கும்?" என்று அவர்களையே அதட்டுவாள்.

லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராவில் குடியிருந்த எனக்கு உண்மை தெரியும். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் நிரப்பும்போது பெண்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமலே. மற்றவர்கள் அவளிடம் கேட்டதற்கெல்லாம் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். அவள் மகன் ஹட்டனில் காது மிஷின் வாங்கிக் கொடுத்தான். "மாட்டிக்கிட்டுப் போனா செவிடின்னு பட்டம் கட்டிருவாளுக" என்று சாமித் தட்டில் வைத்துவிட்டாள். பிறகு பீலிக்கு வருவதை விட்டாள், கோயிலுக்கு வருவதையும் விட்டாள். பேச்சு குறைந்தது. கொஞ்ச காலத்தில் பெயர்கள் மறந்தன. ஒரு நாள் சோறு கொண்டுபோன என்னிடம், "நீங்க யாரு வீட்டுப் புள்ளைங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். பிறந்ததிலிருந்து என்னை 'அடியே' என்றே கூப்பிட்டவள்.

இப்போது எனக்கும் காது போய்விட்டது. மருமகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காது கேட்காமல் ஒதுங்கியே இருந்தால் மூளைக்கு வேலை குறையும், மறதி வரும் வாய்ப்பு கூடும் என்றார் டாக்டரம்மா. அக்காவுக்கு அதனால்தான் வந்ததா என்று கேட்டேன். "அது மட்டுந்தான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா இது நம்ம கையில இருக்கு" என்றார்.

அவர் கொடுத்த மிஷினை மாட்டினேன். அதற்கு மேல் அக்காவின் மப்ளரையும் கட்டினேன். என் பெயரை எழுதவே தடுமாறுகிறவள் என்றாலும் நான் யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை. அப்படிப்பட்ட நான் பயறு அளவு மிஷினுக்கு வெட்கப்பட்டேன். துணி உரசி, காதுக்குள் கரகரவென்ற சத்தம்தான் கேட்டது. பீலியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் தெரிந்தது, அது அக்காவின் சிரிப்பு.

அங்கேயே அவிழ்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னா பெரியம்மா, காதுல ரேடியோவா?" என்றாள்.

காது மடல் சுட்டது. "ஆமாடி. இப்ப எதுக்குச் சிரிச்சீங்க? மறுபடி சொல்லு" என்றேன்.

சொன்னாள். அப்படி ஒன்றும் பெரிய சிரிப்பில்லை.

வெட்கம் இன்னும் போகவில்லை. பீலிக்கு இறங்கும்போதெல்லாம் கை தானாக மப்ளருக்குப் போகிறது. அதைக் காதுக்கு ஏற்றாமல், கழுத்தோடு விட்டுவிட்டு நடக்கிறேன்.